“கை பொள்ளுது” என்றார் படகுச் சமையல்காரர்

மூன்று வருடங்களுக்கு முன், மீன்பிடித் தடைக்காலம் முடிந்த சமயம். குளச்சல் பக்கத்திலிருந்து போன் வந்தது. ஒரு விசைப்படகில் இஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையாம். உடனே துறைமுகத்துக்குப் போனேன். எனக்கு வடசேரியில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை. லாரி, பஸ், டிராக்டர் என்று இருபத்தைந்து வருடமாக ஸ்டார்ட்டர் மோட்டாரோடுதான் பிழைப்பு. வயல்காட்டு ஊர்க்காரன், கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

மறுநாள் விடியுமுன் படகு கிளம்ப வேண்டும். ஐஸ்கூட ஏற்றிவிட்டார்கள். படகை ஓட்டுகிறவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குனிந்து, “ஆவுமா அண்ணாச்சி?” என்று கேட்டபடி இருந்தார். கேட்கக் கேட்க எனக்கு ஸ்பேனர் வழுக்கியது.

சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மோட்டார் சுற்றவில்லை. மீட்டர் வைத்தேன், பேட்டரி சரியாக இருந்தது. அப்படியானால் ஸ்டார்ட்டர்தான் என்று முடிவு கட்டி, அதைக் கழற்றி, தேய்ந்த கார்பன் பிரஷ்களை மாற்றி மாட்டினேன்.

எனக்கு டார்ச் அடித்தவர் அந்தப் படகின் சமையல்காரர். என் வயதுதான் இருக்கும். நான் சாவியைத் திருகிய நேரம், கீழே கிடந்த கேபிளை ஒதுக்கப் போனவர் சட்டென்று கையை உதறினார்.

“அண்ணாச்சி, இந்தக் கம்பி நல்ல சூடாட்டு இருக்கு. கை பொள்ளுது.”

“இஞ்சின் ரூம்னா சூடாத்தான் இருக்கும். நீ சோத்தைப் பாரு” என்றேன். அவர் மறுபடி டார்ச்சைத் தூக்கிப் பிடித்தார்.

நான்கைந்து தடவை திருகியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டுநர் சொல்ல, நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். துறைமுகத்தைத் தாண்டிய பிறகும் அவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “நிறுத்திட்டு மறுபடி போட்டுக் காட்டட்டா? எத்தனை தடவ வேணும்னாலும் ஸ்டார்ட் ஆவும்” என்றேன். “இங்க வச்சு வேண்டாம்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நானே நிறுத்தினேன்.

திருகினேன். ‘டக்.’

மறுபடியும் ‘டக்.’

இஞ்சின் சத்தம் நின்றதும் கடலின் சத்தம் பெரிதாகிவிட்டது. காற்று எங்களைப் பாறைகள் பக்கம் தள்ளியது. நங்கூரம் போட்டார்கள், அது அடியில் பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே வந்தது. ஓட்டுநர் போனில் இன்னொரு படகைக் கூப்பிட்டார். “வந்து சேர அரை மணிக்கூர் ஆவும்னு சொல்லுகான்” என்றார். பாறையில் அலை அடித்துச் சிதறுவது அங்கிருந்தே தெரிந்தது. அரை மணி நேரம் எங்களுக்கு இல்லை.

இஞ்சின் அறைக்குள் இறங்கினேன். படகு ஆடிய ஆட்டத்தில் இரண்டு தடவை வாந்தி. மீட்டரை எங்கே வைக்கிறேன் என்றே தெரியவில்லை. பேட்டரியைத் தொட்டேன், ஸ்டார்ட்டரைத் தொட்டேன், மறுபடி பேட்டரிக்கே வந்தேன். அப்போதுதான் உறைத்தது. துறைமுகத்தில் சமையல்காரர் சூடென்று சொன்னபோது இஞ்சின் ஓடவே இல்லையே, கேபிள் எப்படிச் சூடாகும்?

மேலே பார்த்துக் கத்தினேன். “நீங்க சூடுன்னு சொன்னது எந்தக் கம்பி?”

அவர் குதித்து இறங்கி, ஒரு கணம்கூடத் தேடாமல் கையை நீட்டிக் காட்டினார். பேட்டரியிலிருந்து இஞ்சின் உடம்புக்கு வரும் எர்த் கேபிள். தடைக்காலத்தில் இஞ்சினுக்குப் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பெயின்டின் மேலேயே கேபிள் முனையை வைத்து முறுக்கியிருந்தார்கள். உள்ளே பச்சையாக உப்பு வேறு பூத்திருந்தது. மின்சாரம் போகச் சரியான வழியில்லாமல் அந்த முனைதான் சூடாகியிருக்கிறது.

நட்டைக் கழற்றினேன். அவர் மீன் வெட்டும் கத்தியை நீட்டினார். படகு ஆடியதில் எனக்குக் கத்தி வழுக்கிக்கொண்டே போனது. கத்தியை என்னிடமிருந்து வாங்கி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை அவரே சுரண்டினார். முறுக்கினேன். “திருகுங்க!” என்று கத்தினேன். ஒரே திருகலில் இஞ்சின் உறுமியது. மேலே வந்து பார்த்தபோது பாறைக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு படகு நீளம்தான் இருந்தது.

கரைக்குத் திரும்பும் வழியில் சமையல்காரர் எனக்குப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். “நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்” என்றேன்.

“நானும் ரெண்டாமது ஒருக்கா சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. எனக்க உயிரும் இதுலதானே கெடந்துது” என்றார். கோபமே இல்லை அவர் குரலில்.

இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும், பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும், “என்ன பார்த்தீங்க?” என்று கேட்ட பிறகே கருவியை எடுக்கிறேன். ஆனாலும் மனம் அடங்குவதில்லை. இருபத்தைந்து வருடத்தில் என் ஒரு வார்த்தையால் வாயடைத்து, இரண்டாம் தடவை சொல்லாமலே போனவர்கள் எத்தனை பேரோ என்று அது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது.