இடம்புரிக் கயிறு

எந்தக் கயிற்றைக் கண்டாலும் அதன் முறுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உற்றுப் பார்க்கிற கெட்ட பழக்கம் இன்னும் என்னை விட்டபாடில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி, தெருவில் படுத்திருக்கும் மாட்டின் கழுத்துக் கயிறு, எதுவானாலும் சரி. கூட வருகிறவர்கள் நான்கு அடி முன்னால் போய்விட்டு, "இன்னா அங்க பார்வை?" என்று திரும்பிக் கூப்பிடுவார்கள். இந்தப் பழக்கத்தை என் தலையில் கட்டியது ஒரு கைப்பிடி. கட்டைவிரல் நீளத்தில், பித்தளையில், கைபட்டுக் கைபட்டு மின்னிக்கொண்டிருந்த சின்னக் கைப்பிடி. அதை ஆறு வருஷம் சுற்றியவர் என் அத்தை, அதாவது மாமியார்.

பெங்களூர் ஈஜிபுராவில், இப்போது பி.ஜி. ஹாஸ்டல் நிற்கிற இடத்தில், தொண்ணூறுகளில் ஒரு ஷெட் இருந்தது. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மங்களூர்க்காரர் ஒருவர் நடத்தினார். கேப்டன் சார் என்போம். அங்கே மரத்தில் பொம்மைக் கப்பல்களுக்கான சாமான்கள் செய்தோம். பொம்மை என்று சொன்னால் சாருக்குக் கோபம் வரும். "மாடல் அம்மா, மாடல்" என்பார். வெளிநாட்டில் பெரிய மனிதர்கள் வீட்டில் உட்கார்ந்து கப்பல் கட்டுவார்களாம். அந்தக் கப்பலின் பாய்மரத்தில் மாட்ட வேண்டிய சில்லறைச் சாமான் எல்லாம் எங்கள் கையிலிருந்து போகும். துவரம்பருப்பு அளவில் கப்பி. மூன்று துளை போட்ட வட்டக் கட்டை, அதை நாங்கள் முக்கண் என்போம். அப்புறம் கயிறு. சேமியா கனத்தில் ஒன்று, தலைமுடி கனத்தில் ஒன்று. எட்டுப் பெண்கள் வேலை செய்தோம். ஒருத்தியும் கடலைப் பார்த்தவள் இல்லை.

கயிறு அத்தையின் இலாகா. அதற்கு முன்னால் சிவாஜிநகர்ப் பக்கம் பல வருஷம் ஊதுவத்தி உருட்டிய கை. நூல் அந்தக் கைக்குச் சொன்னபடி கேட்கும். இருபது அடி நீளப் பலகை ஒன்றைத் தரையோடு முடுக்கியிருந்தார்கள். அதன் ஒரு கோடியில் பல்சக்கரம் வைத்த பெட்டி. பெட்டியில் மூன்று கொக்கி. கைப்பிடியைச் சுற்றினால் மூன்று நூலும் முறுக்கேறி, மறுகோடியிலிருந்து ஒன்றோடொன்று சேர்ந்து கயிறாகிக்கொண்டே வரும். பார்க்க நன்றாக இருக்கும், பொய் சொல்லக் கூடாது. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்பதால் என்னைச் செக்கிங்கில் போட்டிருந்தார் சார். ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சீட்டுப் புத்தகம். அத்தை முறுக்கிய கயிற்றை மருமகள் நான் பார்த்து, பாஸ் அல்லது பெயில் என்று எழுத வேண்டும். எந்த மகராசனுக்கு இந்த யோசனை வந்ததோ! அத்தை கயிற்றுக் கண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "பாஸா பெயிலா மேடம்?" என்று இடுப்பில் கைவைத்து நிற்பார். பெயில் போட்ட அன்று வீட்டில் எனக்கு ரசம் பெயில், கூட்டிய தரை பெயில், கோலம் பெயில். "அங்க நீ மேடம், இங்க நானு" என்பார். ஒருமுறை ஒரே நாளில் மூன்று கண்டு திருப்பினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் கணவர் ஆட்டோ ஓட்டினார். சாயங்காலம் சரியாக ஐந்தரைக்கு ஷெட்டின் இரும்பு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார். எந்தச் சவாரி இருந்தாலும் விட்டுவிட்டு வருவார். அத்தையும் நானும் பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளும், கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "ஆளுக்கொரு பக்கம் மொகத்த வெச்சிக்கினு வந்தா மீட்டர் டபுள் ஆவும், சொல்லிட்டேன்" என்றார். முதலில் சிரித்தது அத்தைதான். அவருக்கு ஒரே மகன். அந்தச் சிரிப்பை மகனுக்கு மட்டும்தான் வைத்திருந்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு மழைக்காலத்தில் ஹெப்பகோடிக்குச் சவாரி போனவர் லாரி மோதி இறந்துபோனார். இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். ரேஷன் கார்டு நம்பரைச் சொல்வதுபோலச் சொல்ல வரும். அப்போதும் அப்படித்தான் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வராததற்கு நான் என்ன செய்வது? வந்தவர்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னேன். பாய் எத்தனை வேண்டும் என்று எண்ணிச் சொன்னேன். பதினாறாம் நாள் வரைக்கும் உறவுக்காரிகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கல்லுளிமங்கி மாதிரி ஒக்காந்துக்கினு கீறா பாரு" என்று ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். கோபம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. கிள்ளினால் யாரையோ கிள்ளுவதுபோல.

அந்தக் கூட்டத்திலேயே என் நாத்தனார் பேச்சை எடுத்தாள். அம்மா வேலை செய்கிறவரை இங்கே இருக்கட்டும், வேலையை விட்டால் கிருஷ்ணகிரிக்குத் தன்னோடு வந்துவிட வேண்டும், நான் என் அப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டும். என் அப்பாவும் தலையாட்டினார். இருபத்து நான்கு வயது, குழந்தை இல்லை, வேறென்ன செய்வார். எனக்கு அங்கே போக விருப்பமில்லை. ஈஜிபுராவில் அந்த ஒற்றை அறையில், சண்டை போட்டுக்கொண்டாவது, அத்தையோடு இருக்கத்தான் விருப்பம். மரத்துக் கிடந்த எனக்குள் உயிரோடு இருந்தது அந்த ஒரே ஆசைதான். அது அத்தையின் வேலையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

இருவரும் வேலைக்குத் திரும்பினோம். முதல் நாளே பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: அத்தையின் கயிறு முழுக்க இடம்புரியாக இருந்தது. முறுக்கு வலப்பக்கம் ஏற வேண்டியது, இடப்பக்கம் ஏறியிருந்தது. கனம் சரி, இறுக்கம் சரி. பாஸ் என்று எழுதினேன். மறுநாளும் இடம்புரி. அதற்கும் பாஸ். அத்தை இப்போதெல்லாம் இடுப்பில் கைவைத்து நிற்பதில்லை. கண்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். வேண்டுமென்று தப்பைத் தப்பென்று எழுதாமல் விட்டேன் என்று சொன்னால் அது பெருமையாகிவிடும். யோசிக்கவே இல்லை. கை எழுதியது, அவ்வளவுதான். இப்படி இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

கண்டுபிடித்தது கேப்டன் சார்தான். முன்னறையில் மாதிரிக்காக ஒரு கப்பலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் கண்டோடு என் மேசைக்கு வந்தார். "கையால இழுக்கற கயிறு வலம்புரியா இருக்கணும் அம்மா. கப்பல்ல அதை வலமாத்தான் சுருட்டுவாங்க. மாறிப்போனா சிக்கு விழும், ஆளே விழுவான்" என்றார். பொம்மைக் கப்பலில் எந்த ஆள் விழப்போகிறான் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. "யார் செக் பண்ணது?" என்றார். "நான்தான் சார்." கண்டை மேசையில் வைத்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "துக்கம் நடந்த வீடு, எனக்குத் தெரியும். இந்த வாரம் ஸ்வல்ப பாருங்க. சரியா வரலைன்னா கயிற்றை வெளியே வாங்கிக்கறேன். பெரியம்மா வீட்டில ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். ரெஸ்ட் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கிருஷ்ணகிரி பஸ் என் கண் முன்னால் வந்து நின்றது.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். "நான் எப்பவும் சுத்தற மாதிரிதான்டி சுத்தறேன்" என்றார். பக்கத்தில் நின்று பார்த்தேன். உண்மைதான். எப்போதும்போலக் கைப்பிடியை மேலே தன்னைவிட்டுத் தள்ளி, கீழே தன்னை நோக்கி இழுத்தார். மாற்றிச் சுற்றச் சொன்னேன். நான்கு முழம் வரை மாற்றிச் சுற்றினார். அப்புறம் கை தானாகப் பழைய வழிக்குப் போய்விட்டது. அவர் கவனிக்கவே இல்லை. கை பழையபடியே சுற்றுகிறது, கயிறு மட்டும் ஏன் மாறுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம்தான் அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பார்த்தேன். அது பலகையின் மறுபக்கம் போயிருந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்து தன்னைவிட்டுத் தள்ளினால் சக்கரம் எதிர்ப்பக்கம்தானே சுழலும். சாப்பாட்டு நேரத்தில் யாருமில்லாதபோது அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே வெறும் சுவர். எழுந்து பழைய பக்கம் வந்து உட்கார்ந்தேன். எதிரே அந்த இரும்பு கேட்.

கேட்டுப் பக்கம் ஒரு படுதா கட்டலாமா என்று சாரைக் கேட்டேன். வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது, மற்றவர்கள் எப்படித் துளை போடுவார்கள் என்றார். நியாயம்தான். அப்புறம் நானே அத்தையிடம் போனேன்.

"அத்தே, ஸ்டூல பழைய எடத்துல போடுங்க."

"வேணாம்டி. இங்கயே நல்லா கீது."

"அங்க ஒக்காந்தாத்தான் கயிறு சரியா வரும். இல்லன்னா சார் உங்கள நிறுத்திடுவாரு."

"நிறுத்தட்டும் போ."

"நிறுத்தினா உங்க பொண்ணு வந்து உங்கள கூட்டிக்கினு போயிடுவாங்க. நான் எங்க போறது? எனக்கு எங்கப்பா வீடு வேணாம். நீங்கதான் வேணும்."

அப்படி நான் அவரிடம் பேசியதே இல்லை. சொன்னபோதும் என் குரல் சீட்டில் எழுதியதைப் படிப்பதுபோலத்தான் இருந்திருக்கும். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து, ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு, பலகையைச் சுற்றி வந்து பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் ஐந்தரைக்கும் கைப்பிடி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அன்றைய கயிறு வலம்புரி. பாஸ் என்று எழுதினேன்.

வீட்டுக்கு நடந்துதான் போனோம், இப்போதெல்லாம் நடைதான். மார்க்கெட்டைத் தாண்டினோம். அப்புறம், "அஞ்சரைக்கு நான் அந்த கேட்டத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார் அத்தை.

"தெரியும் அத்தே."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் தலையே தூக்கலையே. உன் மேசையும் கேட்டப் பாத்துத்தான் கீது. அந்தக் கண்ணாடிக்குள்ள மொகத்த வெச்சிக்கினு கீற. நானாவது ஸ்டூலத் திருப்பிப் போட்டேன். நீ ஒக்காந்த எடத்துலயே திரும்பிக்கினு கீறடி."

கீரைக் கட்டு ஒன்று வாங்கினோம். அவர் பேரம் பேசினார், நான் பையைப் பிடித்தேன்.

மறுநாள் ஐந்தரைக்குப் பூதக்கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். கேட்டின் ஒரு கதவு திறந்திருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் போனது. தூரத்தில் ஒரு ஆட்டோ சத்தம் வந்து, வளைந்து, வேறு தெருவுக்குப் போய்விட்டது. அவர் வரவில்லை. மூன்று மாதமாக அவர் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஷெட்டில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதேன். அத்தை எழுந்து வந்தார். மேசைமேல் கிடந்த கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நனையாமல் தள்ளி வைத்தார்.