மாவிளக்கு யார் வயிற்றில்?

அம்மனை நம்பி வாழும் என் பிள்ளைகளே, என் மகள் சுமதி முதல்முறை உண்டாகியிருந்தபோது, ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. எடுத்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. உயிர் வேண்டுமென்றால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். மகள் பிழைத்தாள். ஆனால் நூம்பலில் இருக்கிற அவள் வீட்டுக்குப் போனால் டிவி சத்தம்கூட இருக்காது. கதவைத் திறப்பாள், காபி போடுவாள், என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேஷன் கடையில் கட்டைவிரல்தான். பட்டாபிராமில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மருமகள் ரேவதி, என் மகன் பாலுவின் மனைவி. அவளைப் பற்றி வரும்போது மட்டும் கை நின்றுவிடும். "இத்தயெல்லாம் எழுதணுமா அத்தே?" என்பாள். எழுதுடி, அம்மன் காரியம்.

எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன அம்மன் கோயில். அங்கே போய் நின்று வேண்டினேன். "தாயே, என் மவ வயித்துல ஒரு உயிரக் குடு. அவ வயித்துல மாவிளக்கு ஏத்துறேன்." கர்ப்பப்பையே இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். டாக்டர் எடுத்ததை அம்மனுக்குத் திருப்பி வைக்கத் தெரியாதா என்று நான் நினைத்தேன். அழுது அழுது வேண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மனோடு சண்டைகூடப் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை விளக்குப் போடாமல் வந்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் சாயங்காலமே எண்ணெய் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பிறகு மகளும் மாப்பிள்ளையும் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சுமதியின் கருமுட்டை நன்றாக இருக்கிறதாம். அதை மாப்பிள்ளையுடையதோடு சேர்த்துக் கருவாக்கி, வேறொரு பெண்ணின் வயிற்றில் வைத்து வளர்க்கலாமாம். வாடகைத்தாய் என்று ஊரில் சொல்கிறார்களே, அது. ஆனால் இப்போது வாடகை என்று எதுவும் கொடுக்கக் கூடாது, அது சட்டமாம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஒருத்தி, தானே மனசு வந்து சுமக்க வேண்டும். "யாரும்மா சுமப்பாங்க?" என்று சொல்லிவிட்டு சுமதி தரையைப் பார்த்தாள்.

ரேவதி தன் சின்னப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "நான் சுமக்கறேன் அண்ணி" என்றாள்.

பாலு குடித்துக்கொண்டிருந்த டீ சட்டையில் கொட்டியது. "இன்னாடி பேசற? நாத்தனார் புருஷன் புள்ள உன் வயித்துலயா? அசிங்கம்!" என்று கத்தினேன்.

"அத்தே, மாடி ஊட்டம்மா கேஸ் தீந்துபோனா இட்லித் தட்டு எடுத்துகினு நம்ம ஊட்டுக்கு வருதா இல்லியா? மாவு அவங்களுது, அடுப்பு நம்முளுது. வெந்த இட்லி யாருது?"

"அவங்களுது."

"அவ்ளோதான். இதுல இன்னா அசிங்கம் கீது?"

பாலு சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போய்விட்டான். மறுநாள் அவனே அக்காவுக்குப் போன் போட்டு, "அவ சொன்னா செய்வாக்கா" என்றான். அப்புறம் கோர்ட்டு, டாக்டர், கையெழுத்து என்று அலைந்தார்கள். எனக்கு அதெல்லாம் புரியாது. முதல் தடவையே கரு தங்கியது என்பது மட்டும் புரிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக் கன்னியம்மா தண்ணீர்க் குழாயடியில் கேட்டாள். "இன்னாக்கா, மருமவ முழுவாம கீறாளாமே? புள்ள உன் மாப்ளயுதாமே?"

நான் இட்லிக் கதையை எடுத்துவிட்டேன். அவள் விடவில்லை. "இட்லி சரிக்கா. பத்து மாசம் அடுப்புல வச்சிகினு இருந்தவ தட்டத் திருப்பித் தருவாளா?"

ஏதோ சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தப் பேச்சு என் நெஞ்சில் முள்ளாக நின்றது.

ஆடி மாதம். ரேவதிக்கு ஐந்தாம் மாதம். கோயிலில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எனக்குப் பெயர் படிக்கத் தெரியாது, படம் பார்த்துதான் எடுப்பேன். பாலு படம். "ம்மா, ரேவதிக்கு ரத்தம் போவுதும்மா. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்." துடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கூழ் அடிப்பிடித்தது என்று இன்றைக்கும் தெருவில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் ரேவதி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். எனக்குச் சுமதியின் பழைய ரத்தம் ஞாபகம் வந்தது. சுமதி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை நான் காதால் கேட்டேன். "இவளக் காப்பாத்துங்க. குழந்த போனாலும் பரவால்ல. இவளுக்குச் சின்னப் பொண்ணு ஒண்ணு ஊட்ல கீது."

குழந்தை குழந்தை என்று உருகினவள் சொன்ன வார்த்தை அது.

படுக்கையிலிருந்து ரேவதி அதட்டினாள். "இன்னா அண்ணி பேசற? வாய மூடிகினு அப்டி உக்காரு. ரெண்டு பேரும் நல்லாத்தான் கீறோம்."

(இந்த இடத்தில் இவள் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துகிறாள். எழுதுடி.)

நான் வெளியே வராண்டாவில் சுவரைப் பார்த்து நின்றேன். என் கையெல்லாம் கூழ் காய்ந்திருந்தது. "தாயே, இவ வயித்துல குடு, அவ வயித்துல குடுன்னு இனிமே உனக்கு நான் சொல்ல மாட்டேன். இந்த ரெண்டு பொண்ணுங்களயும் எழுப்பிக் குடு. மத்தது உன் இஷ்டம்." அவ்வளவுதான் கேட்டேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

ரத்தம் நின்றது. ஸ்கேனில் குழந்தை துடிக்கிறது என்றார்கள். டாக்டரம்மா மருந்தைச் சொன்னார்கள், நான் அம்மனைச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றுதான். அன்றிலிருந்து சுமதி எங்கள் வீட்டிலேயே தங்கி, ரேவதிக்குத் தலைவாரிவிட்டு, கால் அமுக்கிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, எனக்குத் தெரியாமல் பானிபூரி வாங்கித் தின்று திட்டு வாங்கினார்கள்.

கார்த்திகை மழையில் பெண்குழந்தை பிறந்தது. நர்ஸ் ரேவதியிடம் நீட்டினாள். கன்னியம்மா சொன்னது எனக்குள் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. ரேவதி குழந்தையின் நெற்றியை ஒரு விரலால் தொட்டாள். "அவங்க அம்மா அங்க நிக்கிறாங்க பாரு, அவங்க கைல குடு" என்றாள். சுமதி வாங்கின கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் கொஞ்ச நாள் ரேவதி சும்மா சும்மா அழுதாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. வெந்நீர் ஊற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுமதி தினமும் குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட்டு, "நான் தூங்கப் போறேன், நீ பாத்துக்கோ" என்று படுத்துக்கொள்வாள். அதிலேயே ரேவதி தேறினாள்.

தை வெள்ளி வந்தது. வேண்டுதலை முடிக்க மாவிளக்குக்கு மாவு இடித்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. யார் வயிற்றில் ஏற்றுவது? மகள் வயிறு என்று வேண்டினேன். பிறந்தது மருமகள் வயிற்றில். பூசாரியைக் கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும் ஆயா, உனக்கும் அம்மனுக்கும் பேச்சு" என்று கழன்றுகொண்டார்.

"சுமந்தவ அவ, அவளுக்குப் போடும்மா" என்றாள் சுமதி. "மாவு அண்ணியுது, அண்ணி படுக்கட்டும்" என்றாள் ரேவதி. சந்நிதியிலேயே சண்டை.

நான் மாவை இரண்டு உருண்டையாகப் பிட்டேன். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, வயிற்றில் ஈரத்துணி போட்டு, இலை வைத்து, நெய் விட்டு ஏற்றினேன். பையைப் பறிகொடுத்த வயிற்றிலும் சுடர், சுமந்து இறக்கிய வயிற்றிலும் சுடர். என் மடியில் குழந்தை வீல் என்று அழுதது. இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் ஆடின. "அசையாதீங்கடி!" என்று நான் கத்த, இரண்டு பேரும் சிரிக்க, விளக்கு இன்னும் ஆடியது. அணையவில்லை.

மாவைப் பிரசாதமாகக் கொடுத்தேன். கன்னியம்மாவும் கை நீட்டினாள். "இது யாரு வயித்து மாவுக்கா?"

"ரெண்டயும் ஒண்ணாப் பெசஞ்சிட்டேன். துன்னு."

தின்றாள். இன்னொரு உருண்டையும் கேட்டாள்.

என் பிள்ளைகளே, அழுகிறவர்கள் அழுங்கள், அம்மனிடமே அழுங்கள். ஆனால் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று அவளுக்கு வழி காட்டாதீர்கள். நான் மகள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதையும் எழுதுடி ரேவதி. எழுதிட்டியா?