மாமாவின் கேசட்டும் பாட்டு ஐயாவின் முகமும்

ஆளின் முகத்தைப் பார்த்தே அவன் சரக்கு வாங்க வந்தவனா, சும்மா விலை விசாரிக்க வந்தவனா என்று சொல்லிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இன்று சித்தூரில் இரண்டு கடையும் மூன்று லாரியும் வைத்திருக்கிறேன் என்றால் இந்தக் கண்தான் காரணம். பட்டம் வாங்கிய என் பிள்ளைகளுக்கே இது வரவில்லை. ஒரே ஒரு முகத்தில் மட்டும் இந்தக் கண் ஏமாந்துபோனது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

என் சின்ன மாமா, அம்மாவின் தம்பி, வெல்ல மண்டியில் ஏலம் கூவுகிறவர். அவர் கூவ ஆரம்பித்தால் தமிழும் தெலுங்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடும். எங்கே மூச்சு விடுகிறார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கிறிஸ்துமஸ் பஜனையில் ஒரு தரம் விளையாட்டாக நோவாவின் பேழைக் கதையை அப்படியே கூவினார். "யானை ஒரு ஜோடி வா வா, பூனை ஒரு ஜோடி வா வா, மேகம் கட்டுது ஒகடோசாரி, தூறல் போடுது ரெண்டோசாரி!" ஏலத்தில் ஒரு தரம், ரெண்டு தரம் என்பதைத்தான் தெலுங்கில் அப்படி இழுப்பார். குடிபாலாவிலிருந்து வந்த இரண்டு அண்ணன்மார் டோலக்கும் தகர டின்னும் தட்டினார்கள். இன்னொருவர் நடுநடுவே மிருகம் மாதிரி கத்தினார். சபையே சிரித்தது. அந்தச் சிரிப்பை நம்பி நாலு பேரும் வேலூருக்குப் போய் ஒரு கேசட்டே போட்டுவிட்டார்கள். இப்போதெல்லாம் என் பேரன் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறானே, பாடாமல் படபடவென்று பேசுகிற பாட்டு, அதை நாங்கள் எப்போதோ செய்துவிட்டோம். நாங்கள் என்றால், பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

எங்கள் சபையில் பாட்டுக்கு அதிகாரி பாட்டு ஐயா. ரிட்டயர்டு வாத்தியார். பாடகர் குழுவை நடத்துகிறவர், சபைப் பத்திரிகையில் புதுப் பாட்டுகளுக்கு மதிப்புரை எழுதுகிறவரும் அவர்தான். அவர் நல்லது என்று எழுதினால் இரண்டாவது கேசட், இல்லையென்றால் இந்த ஜென்மத்துக்கு மண்டியோடு சரி என்று மாமா சொல்லிவிட்டார். அந்த இரண்டாவது கேசட்டுக்காக ஒரு நோட்டு நிறையப் பாட்டு எழுதியும் வைத்திருந்தார்.

மதிப்புரை வந்தது. ஞாயிறு பள்ளியில் தமிழ் கற்ற நான்தான் வீட்டில் உரக்கப் படித்தேன். மூன்றே வரி. 'இதை இசை என்று சொல்ல என் கல்வி இடங்கொடுக்கவில்லை. இசை அல்ல என்று சொல்ல என் காது இடங்கொடுக்கவில்லை. இதை வீட்டில் வைத்துக் கேட்பது வீண்.'

"புகழ்ந்துதான் எழுதிக்கிறாரு" என்றாள் அம்மா.

"வீண்னு போட்டுக்குது, அது புகழா? மச்சான், உன் நோட்டை அடுப்பில போடு" என்றார் நைனா.

டோலக்கு அண்ணன் பத்திரிகையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். மாமா சட்டைப்பையில் அதை மடித்து வைத்துக்கொண்டு மண்டியில் பத்துப் பேரிடம் காட்டினார். ஐந்து பேர் கைகொடுத்தார்கள், ஐந்து பேர் ஆறுதல் சொன்னார்கள்.

"நேரா ஐயாவையே கேட்டுடு மாமா" என்றேன்.

"ஊரே முன்னாடி கூவுற வாய்டா இது. அவர் முன்னாடி நின்னா காத்துதான் வருது" என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்தார். "மாப்ளே, அறுப்புப் பண்டிகை அன்னிக்கு பாடகர் பெஞ்சில நீ அவர் பக்கத்துலதான உக்காருவ? நான் கேசட்டை ஏலத்துக்கு வைக்கிறேன். நீ அவர் மூஞ்சியையே பாத்துக்கினு இரு. எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லு."

அறுப்புப் பண்டிகையில் அவரவர் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்த பொருளை எடுத்தவரே திரும்பக் காணிக்கையாகக் கொடுக்கலாம், அது மறுபடி ஏலத்துக்கு வரும். வருஷா வருஷம் ஏலம் கூவுவது மாமாதான்.

பூசணி போனது, கரும்புக்கட்டு போனது, கோழி போனது. பிறகு மாமா கேசட்டைத் தூக்கிக் காட்டினார். தன் சரக்கைத் தானே கூவ வேண்டிய வெட்கமோ என்னவோ, அன்றைக்குப் போல அவர் கூவி நான் கேட்டதில்லை. நோவாவும் வெல்லமும் எங்கள் சபையின் கடன்காரர்களும் ஒரே மூச்சில் வந்தார்கள். டோலக்கு அண்ணன் பெஞ்சையே தட்ட ஆரம்பித்துவிட்டார். கேசட்டை ஒருவர் எடுத்தார், உடனே காணிக்கை என்று திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர் எடுத்தார், அவரும் திருப்பினார். ஏழு முறை அது திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் சபை கைதட்டியது. பக்தியா, பிடிக்கவில்லையா? கோழியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நான் என் வேலையை விடவில்லை. ஐயா கண்ணை மூடியிருந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. எட்டாவது முறை மாமா "மூணாந்தரம்" என்று இழுத்தபோது கண்ணைத் திறந்து கையைத் தூக்கினார். கேசட்டை வாங்கிப் பாட்டுப் புஸ்தகத்துக்குள் வைத்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் வீட்டில் டேப் ரிக்கார்டரே கிடையாது, மதிப்புரைக்குக்கூடப் போதகர் வீட்டில்தான் கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வெளியே மாமா வியர்வையோடு ஓடிவந்தார். "சொல்லுடா, மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"தூங்கினு இருந்தாரு மாமா" என்றேன். என் கண்ணில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. "கடைசியா முழிச்சுக்கினு கையத் தூக்கிட்டாரு."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "இதுக்குமேல யாரும் கேக்கக் கூடாதுன்னு வாங்கி வச்சுக்கினாரு போலக்குது" என்றார். மறுநாள் அந்த நோட்டை நைனாவே அடுப்பில் போட்டார், மாமா தடுக்கவில்லை. அப்புறம் மண்டி மட்டும்தான்.

நான் சொன்னது பொய் இல்லை. மாமா முகத்தைத்தானே பார்க்கச் சொன்னார்? பாட்டுப் புஸ்தகத்தின்மேல் ஐயாவின் நாலு விரல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. வயதானவர்களுக்குக் கை நடுங்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேசட் கைமாற மாமா கூவலை நிறுத்தியபோதெல்லாம் அந்த நடுக்கமும் நின்றது. அதையும் பார்த்தேன்.