ஐஸ் ரூமில் கழன்ற மெட்டி

1. எந்த மாசம் போறீங்க?

கத்திரியைத் துணியில் வைக்கும்போது எனக்குப் பயமாக இருக்கும். லேடீஸ் டெய்லராக இருந்து ஓய்வு பெறும் நாள்வரை அது போகவில்லை. உள்ளூர்க்காரிக்கு ரவிக்கை இறுக்கிப் பிடித்தால் மறுநாளே கொண்டுவந்து மூஞ்சியில் எறிவாள். பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடலாம். ஏரோப்ளேன் ஏறிப் போன துணியை யார் பிரிப்பது? அந்தப் பயம்தான் பெரிய பயம்.

எழுபதுகளின் கடைசியில் வரிச்சிக்குடியிலிருந்து பஸ் பிடித்துக் காரைக்காலில் ஜக்கரியா பாய் கடைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். சபுர் போகிறவர்கள், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போகிறவர்கள், எங்களிடம்தான் தைப்பார்கள். அரபு நாட்டுக்கு என்றால் முழுக்கை வைத்து, உடம்பில் ஒட்டாமல் லூசாகத் தைக்க வேண்டும். வெயிலுக்கும் அதுதான் நல்லது, அங்குள்ள மரியாதைக்கும் அதுதான் சரி. சிங்கப்பூருக்கு வருஷம் பூராவும் பருத்தி போதும். பிரான்சுக்கு மட்டும், "எந்த மாசம் போறீங்க?" என்று கேட்காமல் பாய் டேப்பை எடுக்கமாட்டார்.

ஒரு நாள் சுரக்குடியிலிருந்து அஞ்சலையம்மா தன் மருமகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுடையது சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். மாமனார் பழைய சொல்தா, மகனும் அங்கே பட்டாளத்தில் இருந்தான். லீவில் வந்து கல்யாணம் முடித்துப் போனவன், இப்போது பெண்டாட்டியை வரச் சொல்லியிருந்தான்.

"மார்கழி கடைசில போவுதுங்க பாய்" என்றார் அஞ்சலையம்மா.

"யா அல்லா! அங்க அப்ப பனி கொட்டுமே!" என்று பாய் எழுந்தே விட்டார். "பேண்டு தைச்சுருவோமா?"

"காலை ரெண்டாப் பிரிச்சுக் காட்டுற உடுப்பெல்லாம் எங்க வூட்டுக்கு ஆவாது. சேலைதான்."

சரி என்று சேலைக்குள் உடுத்தக் கம்பளியில் ஒரு பாவாடை, மேலே முழங்காலுக்குக் கீழ் இறங்கும் கோட்டு, உள்ளே கனத்த லைனிங் என்று தைத்தேன். தைத்துவிட்டேனே தவிர, எனக்குச் சோறு இறங்கவில்லை. மார்கழிப் பனிக்குத் தலையில் துண்டு கட்டுகிற ஊர் நம்முடையது. அந்த ஊர்க் குளிர் எப்படியிருக்கும் என்று யாரைக் கேட்பது? மாமனார் உத்தியோகம் பார்த்ததெல்லாம் வெயில் நாடுகள், அவருக்கும் தெரியாது. இந்தப் பெண் போய் இறங்கி விறைத்துப் போனால் பழி என் தலையில்தானே விழும்?

அஞ்சலையம்மாவின் தம்பி, மீன்பிடி போட்டுக்காரர்களுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு கம்பெனியில் போர்மேன். "ஐஸ் ரூமுல நிறுத்திப் பாத்துருவோமா?" என்று நான்தான் வாயை விட்டேன்.

2. ஐஸ் ரூம்

கதவு சாத்தியதும் காதை அடைத்த மாதிரி ஆகிவிட்டது. சுற்றிலும் பாளம் பாளமாக ஐஸ். மூச்சு புகையாக வந்தது. போர்மேன் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார் என்று தெரியும். ஆனாலும், கதவு இறுகிக்கொண்டால் என்ன செய்வது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி புதுக் கோட்டு, புது ஷூவோடு நின்றாள். என் தோளில் வெறும் சாக்கு. பல் கிட்டிப் போச்சு எனக்கு.

"எப்படிம்மா இருக்கு?"

"மேலுக்குக் கதகதன்னு இருக்குக்கா. காலுதான் காணல."

"காணலைன்னா?"

"இருக்குற மாதிரியே தெரியலக்கா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

கதவைத் தட்டி, அவளை இழுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்து ஷூவைக் கழற்றினேன். மெட்டி போட்ட விரல்கள் இரண்டும் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தன. மேலே ஷூ நெருக்க, அடியில் வெள்ளி மெட்டி சதைக்குள் பதிந்திருந்தது. கோட்டு, பாவாடை எல்லாம் பார்த்தோம், மெட்டியை ஒருத்தரும் நினைக்கவில்லை. சோப்பு கேட்டு வாங்கித் தடவினேன்.

"அடி, கழட்டாதடி!" என்று வெளியே காத்திருந்த அஞ்சலையம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "எம் புள்ள துப்பாக்கி புடிக்கிற வேலையில இருக்கான். அவன் உசுரோட இருக்கப்ப பொண்டாட்டி மெட்டியைக் கழட்டுறதா? ஒனக்கு என்ன துணிச்சல்!"

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ! "வெரலே போயிட்டா மெட்டியை எதுல போடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தம்மா என் மணிக்கட்டை இன்னும் இறுக்கினார். அவர் பயமும் பொய்யில்லையே.

"கழட்டலம்மா, எடம் மாத்துறோம். கோட்டுக்கு உள்ள, தாலி படுற எடத்துல ஒரு பை வச்சுத் தைச்சுடுறேன். மெட்டி அவ மேலதான் இருக்கும்."

அஞ்சலையம்மா மெல்லக் கையை விட்டார். மெட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. "ஊருல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. எம் புள்ளைக்கு ஒண்ணுன்னா ஒன் கைய சும்மா வுடமாட்டேன்" என்றார்.

3. தந்திக்காரர் சைக்கிள்

செல்வி ஷூவை ஒரு அளவு பெரிதாக மாற்றி, கம்பளி சாக்ஸ் போட்டுப் போய்விட்டாள். நான் இங்கே செத்துக்கொண்டிருந்தேன். கடைத்தெருவில் தந்திக்காரர் சைக்கிள் வந்தால் போதும், என் கால் மிஷின் பெடலில் நின்றுவிடும். அவள் புருஷன் பட்டாளக்காரன். என்னவும் ஆகலாம். ஆனால் இந்த மெட்டியைக் கழற்றியது என் கைதானே?

"இப்ப சண்டை ஒண்ணும் இல்லியே மரகதம்" என்று பாய் தேற்றினார்.

"சண்டை இல்லாம சாவு வராதா பாய்?"

பஸ்ஸில் பார்த்தால் அஞ்சலையம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோபமா, கெட்ட சேதியா என்று புரியாமல் அன்றைக்குப் பூராவும் எனக்கு வேலை ஓடாது.

அடுத்த கோடையில் ஒரு நாள் காலை, கையில் அந்தக் கோட்டோடு அஞ்சலையம்மா கடைக்குள் நுழைந்தார். எனக்கு ரத்தம் உறைந்துவிட்டது. அவருக்குப் பின்னால் செல்வி வந்தாள். நான் முதலில் பார்த்தது அவள் காலைத்தான். பத்து விரலும் இருந்தது. அவளுக்கும் பின்னால், வாட்டசாட்டமாக, அவள் புருஷன்.

"பிரி" என்றார் அஞ்சலையம்மா.

பையைப் பிரித்தேன். மெட்டிகள் கறுத்துப்போய் விழுந்தன. அந்தப் பையன் கூச்சப்படாமல் அத்தனை வாடிக்கைக்காரர்கள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் விரலில் மாட்டிவிட்டான். எனக்குக் கண் மறைத்துவிட்டது. அழுகையா, பயம் விட்ட ஆயாசமா, தெரியவில்லை.

வெளிநாட்டுக்குத் தைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். அளவைக் காலிலிருந்து எடுங்கள். போகிறவர்கள் எதைக் கழற்ற மாட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். அதைக் கேலி செய்யாதீர்கள்.

அன்றைக்கு எல்லோரும் இறங்கிப் போனபிறகு அஞ்சலையம்மா மட்டும் திரும்பி வந்தார். செருப்பை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, மெட்டி போட்ட காலை என் முன்னால் நீட்டினார்.

"கார்த்திகை மழை விட்டதும் நானும் செல்வி மாமனாரும் பிரான்சுக்குப் போறோம் மரகதம். எனக்கும் ஒரு கோட்டு தை. உள்ள பை வச்சுத் தை."