ராசாவின்ர பெட்டி போன பின்னேரம்

கடலுக்கு அங்கால ஒரு நாட்டு மகாராணி காலமானதுக்கு, எங்கட நாட்டிலயும் துக்கதினம் எண்டு கொடியை அரைக்கம்பத்தில விட்ட அண்டைக்கு நடந்தது இது. இடம், திருகோணமலை உப்புவெளியில எங்கட ஒழுங்கை, ஒரு சின்னக் குறுக்குத் தெரு.

எங்கட ஒழுங்கையில அதுக்கு முதலே துக்கம்தான். பக்கத்து வீட்டு இளம் பிள்ளையின்ர புருசன் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவர், திரும்பி வரேல்லை. படகு மட்டும் வடக்கால திரியாய்க் கரைப் பக்கம் கவிண்டபடி ஒதுங்கினது. ஆளைத் தேடாத இடமில்லை.

இங்க ஒரு வீட்டில சாவு விழுந்தால், சவப்பெட்டி எடுக்குமட்டும் அக்கம்பக்கத்தில ஒருத்தரும் ரீவி, ரேடியோ போட மாட்டம். ஆனா இதில எடுக்கிறதுக்குப் பெட்டியே இல்லை. எப்ப போடலாம் எண்டு ஆரைக் கேக்கிறது? ஒரு மாசத்துக்கு மேல ஒழுங்கை வாயடைச்சுக் கிடந்தது. நாடகம் பாக்காட்டில் எனக்குச் சோறு இறங்காது. நானே பேசாமல் இருந்தனான் எண்டால் பாருங்கோவன்.

அவள் அழேல்லை. மாதா கோயில் சுவாமியார் வந்து, உடம்பு கிடைக்காட்டிலும் ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பம் எண்டு சொல்லிப் பாத்தவர். ஏலாது எண்டிட்டாள். ஒவ்வொரு நாளும் அவருக்குச் சோறு போட்டு மூடி வைப்பாள். சனம் விடுமே? கல்நெஞ்சுக்காரி எண்டு ஒரு கதை, புத்தி பேதலிச்சிட்டுது எண்டு இன்னொரு கதை. கேக்கக் கேக்க எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அண்டைக்குப் பின்னேரம் பொறுக்கேலாமல் ரீவியைச் சத்தமில்லாமல் போட்டனான். துக்கதினம் எண்டபடியால் பாட்டுக்கூத்து ஒண்டுமில்லை, ஏதோ ஒரு அரச குடும்பத்துப் படம் ஓடினது. ராசா செத்துப்போனார். அரண்மனை வாசலில சனம் பூவோட நிண்டு அழுகுது. உள்ளுக்கு ராணி கண்ணீர் விடாமல் இருக்கிறா. சனத்துக்கு அதில கோவம்.

அந்த நேரம் பாத்து அவள் தேங்காய் துருவத் திருவலை கேட்டுப் பின்கதவால வந்திட்டாள். ரிமோட்டைத் தேடுறன், கையில அம்பிடேல்லை. விடுங்கோ எண்டு சொல்லிக் கதிரையில இருந்தாள். சத்தத்தையும் கூட்டச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தால, அந்த ராணியை ஏன் எல்லாரும் ஏசுகினம் எண்டு கேட்டாள். அவ அழேல்லையாம் எண்டு சொல்லிப்போட்டன். சொன்ன பிறகுதான் என்ர வாயை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அவள் கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பாத்தாள்.

பிறகு பெட்டி வந்தது. குதிரை வண்டியில, கொடி போத்து, ஆறுதலாய், மெல்ல மெல்ல வந்தது. எங்கட றோட்டால ஒரு பெட்டி போனால், ஆரெண்டு தெரியாட்டிலும் செய்யிற வேலையை விட்டிட்டு எழும்பி நிப்பம். அவள் எழும்பினாள். கையைக் கட்டிக்கொண்டு ரீவிக்கு முன்னால நிண்டாள். நானும் எழும்பினனான். பெட்டி மறையுமட்டும் ரெண்டு பேரும் அப்பிடியே நிண்டம்.

"எனக்கு எழும்பி நிக்க ஒரு பெட்டி வரேல்லையே அக்கா" எண்டாள்.

அதோட உடைஞ்சு போனாள். அவளைக் கட்டிப்பிடிச்சு நானும் அழுதனான். சத்தம் கேட்டு ஓடி வந்த பெண்டுகள் வாசலில நிண்டவை. ஒருத்தரும் ஒரு கதை கதைக்கேல்லை.

அடுத்த கிழமை, அவளே சுவாமியாரிட்டப் போய்க் கேட்டுப் பூசை நடந்தது. பீடத்துக்கு முன்னால ஒரு மேசை, அதில அவரின்ர படம், ரெண்டு மெழுகுதிரி. அவள் எழும்பி நிண்டாள், கோயில் முழுக்க எழும்பி நிண்டது. அண்டைக்குப் பின்னேரம் ஒழுங்கையில முதல் ரீவிச் சத்தம் அவளின்ர வீட்டிலயிருந்துதான் கேட்டது.

இப்பவும் ரீவியில ஆரின்ரையாவது பெட்டி போனால் நான் எழும்பி நிப்பன், வீட்டில சிரிப்பினம். ராசாவோ ராணியோ, எனக்கு அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது கடலால திரும்பி வராத அந்த மனுசன்தான்.