நன்றி வரியில் அஞ்சலி

எங்கள் குப்பத்தில் பத்தாவது தேறிய முதல் பெண் என் தங்கை அஞ்சலி. விலங்கியலில் கல்லூரிப் பதக்கம் வாங்கினாள். மேடை ஏறும்போது அவள் காலில் இருந்தது என் செருப்பு. மீன் வாடை என்று பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து போனால், காலியான இடத்தில் புத்தகத்தை வைத்துப் படிப்பாள். ஆராய்ச்சி உதவித்தொகை, பிறகு டாக்டர் பட்டம். நான் எட்டாவதோடு நின்று தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறேன்.

அவள் ஆராய்ந்தது எங்கள் கழிமுகத்து நண்டு. கழிவுநீர் இறங்கத் தொடங்கிய பிறகு நண்டுகள் ஓடு கெட்டிப்படாமலே செத்தன. பல மழைக்காலம் சேற்றில் நின்று, பிடித்து, அளந்து, காரணத்தை எழுதினாள். 2007 ஏப்ரலில் ஓர் இணைய இதழ் அதை ஏற்றுக்கொண்டது.

அந்த இதழை யாரும் காசில்லாமல் படிக்கலாம். எழுதியவர் தரப்புதான் பணம் கட்ட வேண்டும், அறுபதாயிரத்துக்கு மேல். பல்கலைக்கழகம் அதற்கென்று அந்த வருடம் ஒரு நிதி வைத்திருந்தது. ஆனால் கட்டுரையில் பெயர் உள்ள எல்லோரும் அப்போது பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். அஞ்சலியின் உதவித்தொகை பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது.

அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் வில்பிரட் சார் கூப்பிட்டுச் சொன்னார்: “உன் பேரை எடுத்துட்டா நிதி கிடைக்கும்மா. இல்லன்னா நம்மகிட்ட காசு கேட்காத ஜர்னல் இருக்கு. அங்க படிக்கிறவன் காசு கட்டணும்.”

வீட்டில் வந்து சொன்னாள். அம்மா அரிவாள்மனையை விட்டு எழுந்தாள்.

“இன்னாடீ அநியாயம்? சேத்துல நின்னது நீ, பேரு அந்தாளுக்கா?”

“பூட்டி வச்ச கட்டுரைய மீனவர் சங்கத்துத் தலைவர் எத்திராஜ் அண்ணன் கலெக்டர் ஆபீஸ்ல எப்டிம்மா காட்டுவாரு? அவங்க தெறந்து பாக்கணும். அந்தத் தண்ணி நிக்கணும். என் பேர் இருந்து இன்னா பண்றது?”

“பேரு வச்சவ நான்டீ. என்னைக் கேட்டியா?”

அஞ்சலி சிரித்தாள். மறுநாள் பெயரை எடுக்கச் சம்மதித்து எழுதிக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் கட்டுரை வந்தது. தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் திறந்து பார்த்தோம். கட்டுரையின் கடைசி வரியை அவளே படித்துத் தமிழில் சொன்னாள்: ‘மாதிரிகள் சேகரிக்க உதவிய செல்வி அஞ்சலிக்கு நன்றி.’ டாக்டர் என்றுகூடப் போடவில்லை.

கழிவுநீரை நிறுத்தச் சொல்லி மனு எழுதி, எத்திராஜ் அண்ணனோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி தன் கம்ப்யூட்டரிலேயே திறந்தார். திறந்தது.

“யாரும்மா எழுதினது?”

“நான்தான் சார்.”

“உங்க பேர் இல்லையே?”

“கடைசியில... நன்றி சொல்ற இடத்துல சார்.”

“சாம்பிள் எடுத்துக் குடுத்தவங்க சொல்றதை வச்சு நான் உத்தரவு போட முடியுமா? எழுதினவங்களைக் கூட்டிட்டு வாங்க.”

வில்பிரட் சார் வரவில்லை. பல்கலைக்கழகத்தை வம்பில் இழுக்க வேண்டாம் என்றார். மனுவை முடித்துவிட்டார்கள். கழிவுநீர் இன்றும் இறங்குகிறது. என் கூடையில் எங்கள் கழிமுகத்து நண்டு வந்து வெகுநாளாகிறது.

அஞ்சலி இப்போது சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு இன்சூரன்ஸ் படிவங்களைத் தட்டச்சு செய்கிறாள். நண்டைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. கட்டுரை மட்டும் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அதில் இல்லாததை இங்கே எழுதுகிறேன். ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று, கைநாட்டு வைக்க அம்மா கட்டைவிரலை மையில் தோய்க்கப் போனாள். அஞ்சலி அவள் கையைத் தள்ளிவிட்டு, பேனாவை வாங்கித் தானே கையெழுத்துப் போட்டாள். அப்பா இல்லாத வீடு. குப்பம்மா என்ற அம்மா பெயரைத்தான் முன்னெழுத்தாக்கினாள்.

கு. அஞ்சலி. 14 ஜூன் 1989.