குதிரையின் பின்பாதி

நியூயார்க்கிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஸ்க்ரான்டனில் இருந்த லிப்கின் குடும்பத்தில் நியூயார்க் தெரிந்த ஆள் தான் ஒருவன்தான் என்று பதினாறு வயது ஆஷர் நம்பிக்கொண்டிருந்தான். வருஷத்துக்கு இரண்டு பண்டிகைக்கு மாமா வீட்டுக்குப் போய் வருவான். அதுவும் அப்பாவின் காரில், பின் சீட்டில் வாயைத் திறந்து தூங்கியபடி. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் "நம்ம சிட்டியில" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பான்.

யூதர்களின் பூரிம் பண்டிகையன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஹெர்ஷல் மாமா வீட்டில் விருந்துக்கு முன்னால் எஸ்தர் ராணி நாடகம் நடக்கும். நடிகர்கள் எல்லாரும் வீட்டு ஆட்கள்தான். வேஷம் பங்கு போடுவது அம்மா ரிவ்கா. அந்த வருஷம் ஆஷர் ராஜா வேஷம் கேட்டான்.

"எனக்குக் குரல் உடைஞ்சிருச்சும்மா. ராஜாவுக்கு எடுப்பா இருக்கும்."

"உடைஞ்ச குரல் ஒரு இடத்துல நிக்குதா? இப்ப ராஜா மாதிரி இருக்கு, அடுத்த நிமிஷம் ராணி மாதிரி கீச்சுங்குது. ராணியை வளர்த்த மொர்தெகாய் ஏறி வர்ற குதிரைக்குப் பின்பாதி வேணும். வசனமே கிடையாது. உனக்கு அளவெடுத்து தைச்ச மாதிரி."

நிஜமாகவே அளவெடுத்துத்தான் தைத்திருந்தாள். பழுப்புத் துணி, நாலு கால், கம்பளி நூலில் வால். முன்பாதி பதின்மூன்று வயதுத் தங்கை பெனினாவுக்கு. இரண்டு பாதியும் நடுவில் அழுத்துப் பொத்தான்களால் சேரும்.

பெற்றோர் முந்தின நாளே பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு காரில் கிளம்பிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் காலையில் பரீட்சை. "பெனினாவை நான் பத்திரமா கூட்டிட்டு வர்றேன். சிட்டி எனக்கு மனப்பாடம்" என்று ஆஷர் வாக்குக் கொடுத்திருந்தான்.

மதியம் பஸ் நியூயார்க்கில் இறக்கிவிட்டதும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. "இங்கேயே குதிரையை மாட்டிக்குவோம். ஊரே நின்னு பாக்கும்."

"எனக்கென்ன? என் மூஞ்சி குதிரைத் தலைக்குள்ள இருக்கும். உன் மூஞ்சிதான் என் முதுகுல இருக்கும்" என்றாள் பெனினா.

பையையும் அதிலிருந்த அவன் போனையும் அவள் மார்பில் மாட்டிக்கொண்டாள். அவன் குனிந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். குதிரை சுரங்கப் பாதைக்குள் இறங்கியது. ஊர் நிற்கவில்லை. ஒருவர் மட்டும் நின்றார். அவரும் ஷூ நாடாவைக் கட்டத்தான். துணிக்குள் குனிந்திருந்த ஆஷர் சும்மா இராமல் ஒரு தடவை கனைத்துப் பார்த்தான். "வழி விடுப்பா" என்றது ஒரு குரல். ஆயிரம் பேருக்கு நடுவில் ஒரு குதிரை போகிறது, திரும்பிப் பார்க்க ஒரு நாதியில்லையே என்று அவனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

மஞ்சள் வட்டத்தில் ஆங்கில 'கியூ' எழுத்து போட்ட ரயில் வந்தது. பெனினா ஏறினாள். ஆஷரின் ஒரு கால் பெட்டியில், ஒரு கால் நடைமேடையில். இறங்க வேண்டிய அம்மாள் ஒருத்தி "தம்பி, தம்பி" என்று இடித்துக்கொண்டு வர, மரியாதைக்காரனாக ஒரு அடி பின்வாங்கினான். பொத்தான்கள் படபடவென்று விட்டன. கதவு மூடியது. கண்ணாடிக்கு அப்பால் குதிரைத் தலை திரும்பி அவனைப் பார்த்தது. அப்படியே நகர்ந்து போய்விட்டது.

நடைமேடையில் அவன் மட்டும் நின்றான். இடுப்புக்குக் கீழே குதிரை, மேலே கணக்குப் பரீட்சை எழுதிய முகம். துப்புரவு செய்துகொண்டிருந்த பெரியவர் துடைப்பத்தில் சாய்ந்து கேட்டார்: "மிச்சம் எங்க போச்சு?"

"புரூக்ளினுக்கு."

"அப்ப தலைக்காவது வழி தெரியுது."

பிரிந்துபோனால் அடுத்த நிலையத்தில் இறங்கிக் காத்திருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அது ஆஷருக்கு ஞாபகம் வரவில்லை. வந்து நின்ற அடுத்த ரயிலில் பாய்ந்து ஏறினான். இதுவும் மஞ்சள் வட்டம்தான். உள்ளே இருந்த எழுத்து 'கியூ' இல்லை, 'என்' என்பதை அவன் பார்க்கவில்லை. சற்று முன்வரை யாரும் பார்க்கவில்லையே என்று வருந்தியவன், இப்போது யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று மிச்சத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

ரயில் பாலத்தைத் தாண்டியது. நிலையங்கள் வந்தன, போயின. ஒரு பெயரும் பழக்கமாகத் தோன்றவில்லை. கடைசியில் துணியை விலக்கி, எதிரே மீன் பையோடு உட்கார்ந்திருந்த சீனப் பெண்மணியிடம் மாமா வீட்டு நிலையத்தைக் கேட்டான்.

"அவென்யூ ஜே எப்ப வரும்க்கா?"

"வராது. இது 'என்' எழுத்து வண்டி. நீ 'கியூ'ல போகணும்." அவள் அவன் வாலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "ஊருக்குப் புதுசா?"

அந்தக் கேள்விதான் அவனைச் சுட்டது. அரை மனதாக "இல்ல" என்று இழுத்தவன், பிறகு "ஆமா" என்றான். அவள் சிரிக்கவில்லை. அடுத்த நிலையத்தில் எதிர்ப்பக்கம் ஏறு, அட்லாண்டிக் அவென்யூவில் இறங்கி மாறு, எழுத்தைப் பார்த்து ஏறு என்று மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் அவனைத் திருப்பிச் சொல்ல வைத்தாள்.

மாமா வீட்டை அடைந்தபோது நாடகம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மொர்தெகாய் வேஷத்தில் இருந்த அப்பா முன்பாதிக் குதிரைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலத்தை ஒப்பேற்றியிருந்தார். கதவைத் திறந்த ஹெர்ஷல் மாமா, நாடகத்தின் வில்லன் ஆமானின் கறுப்புத் தாடியோடு கத்தினார்: "வால் வந்துருச்சு!" உள்ளே இருபது பேர் கிலுகிலுப்பையை ஆட்டினார்கள். ஆமான் பெயரைக் கேட்டால் ஆட்ட வேண்டியது அது.

அம்மா முதலில் அவனைக் கட்டிக்கொண்டாள், அப்புறம் முதுகில் ஒன்று வைத்தாள். "போலீசுக்குப் போன் பண்ண இருந்தேன்டா. என்ன அடையாளம்னு சொல்றது?"

"ரயில் ரிப்பேர்ம்மா. பயங்கரக் கூட்டம்" என்று ஆரம்பித்தான் ஆஷர்.

"டேய், அளக்காத" என்றாள் பெனினா, கசகசாப் பூரணம் வைத்த முக்கோண பிஸ்கெட்டை மென்றபடி. "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நான் உனக்காக நின்னேன். நீ அடுத்து வந்த 'என்' எழுத்து வண்டிக்குள்ள போர்த்திக்கிட்டு உக்காந்திருந்த. வால் மட்டும் ஜன்னல்ல தெரிஞ்சுது. தட்டினேன், கத்தினேன். ஒருத்தன் எனக்குச் சில்லறை போட்டுட்டுப் போனான்."

வீடு இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. தப்பிக்க வழியில்லை என்று ஆஷருக்குப் புரிந்தது. மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஏறுங்க மருமகனே, முழுசா சொல்லுங்க" என்றார்.

ஏறினான். துப்புரவுப் பெரியவர் கேட்டதைச் சொன்னான். சீனப் பெண்மணி கேட்டதையும், தான் "ஆமா" என்றதையும், பாடம் ஒப்பித்ததையும் சொன்னான். குரல் நடுநடுவே கீச்சிட்டது; கீச்சிட்ட இடத்திலெல்லாம் சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னைக் கேலி செய்ய இவ்வளவு சரக்கு கையில் இருப்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது. இனிமேல் மறைப்பதற்கு எதுவும் இல்லை என்றதும் பசி வயிற்றைக் கிள்ளியது.

அம்மா தட்டு நிறையக் கோழியும் உருளைக்கிழங்கும் வைத்தாள். வாயில் ஒரு துண்டு போவதற்குள் மேஜையின் அந்தக் கோடியிலிருந்து, காது மந்தமான பக்கத்து வீட்டுக்காரர் "எனக்குச் சரியா கேக்கல, முதல்லருந்து சொல்லு" என்றார். ஆஷர் முள்கரண்டியைக் கீழே வைத்தான். இரண்டாம் தடவை சொன்னபோது நடைமேடையில் ஒரு போலீஸ்காரரும் நாயும் புதிதாக வந்து சேர்ந்தார்கள். பெனினா அவனை ஒரு பார்வை பார்த்தாள். இன்னொரு பிஸ்கெட்டை எடுத்துக்கொண்டாள்.